புகைக்கு வரி: வந்த கதை, போன கதை

வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டினால் என்ன நடக்கும்?

சண்டை நடக்கும். ஊர் கூடும். நகரசபை அபராதம் போடும்.

தொழிற்சாலைக் கழிவை ஆற்றில் விட்டால்? அதுவும் குற்றம். வழக்கு வரும்.

சரி, புகையை ஆகாயத்தில் விட்டால்?

அதற்கு மட்டும் வெகு காலம் கேள்வி கேட்பார் இல்லை. ஆகாயம் யாருக்கும் சொந்தம் அல்ல. ஆகவே அதில் எவ்வளவு கொட்டினாலும் காசு இல்லை என்று உலகம் இருந்துவிட்டது.

"கொட்டுகிறவர் கூலி கொடுக்க வேண்டும்" என்று சில நாடுகள் சட்டம் போட்டன. அதுதான் புகை வரி. "கார்பன் வரி" என்று அதற்குப் பெயர்.

1990-ம் ஆண்டில் பின்லாந்து நாடு இதை முதலில் கொண்டுவந்தது. மறு ஆண்டில் சுவீடன் வந்தது. பிறகு பல நாடுகள் வந்தன.

சில நாடுகளில் வரி நிலைத்து நின்றது. சில நாடுகளில் ஆட்சியையே ஆட்டியது.

கனடாவில் நடந்த கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அங்கே வாங்கிய வரியில் பெரும் பகுதியை அரசாங்கம் மக்களுக்கே திருப்பிக் கொடுத்தது. அப்படி இருந்தும் மக்கள் அந்த வரியை வெறுத்தார்கள். 6 ஆண்டு முடிந்ததும் அது எடுக்கப்பட்டது.

பணம் கொடுத்தும் ஏன் வெறுப்பு வந்தது?

புகைக்கு எடை உண்டு

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. அதை எரித்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது.

முக்கால் கிலோ எப்படி 2 கிலோவுக்கு மேல் ஆகும்? மாயமா, மந்திரமா?

மாயம் ஒன்றும் இல்லை. பெட்ரோலில் கரி இருக்கிறது. அது எரியும்போது காற்றில் இருக்கும் பிராணவாயுவோடு சேர்ந்துகொள்கிறது. பிராணவாயுவின் எடையும் கூடுவதால்தான் இந்தக் கனம்.

அடுப்பில் எரியும் சமையல் வாயுவும் இப்படித்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால், சுமார் 42 கிலோ கரியமில வாயு ஆகாயத்தில் சேர்ந்திருக்கும்.

இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. மணமும் கிடையாது. ஆனால் பூமிக்கு மேல் போர்வை போல நிற்கிறது. வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கிறது.

பெரிய தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முன்பு, காற்றின் 10 லட்சம் பங்கில் இந்த வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420 பங்குக்கு மேல் இருக்கிறது. போர்வை கனத்துவிட்டது. பூமிக்கு வேர்க்கிறது.

49.6 டிகிரி!

கனடா குளிர்ந்த நாடு. "கொஞ்சம் சூடு ஏறினால் அவர்களுக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம்.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் அதற்குப் பதில் கிடைத்தது.

பிரிட்டிஷ் கொலம்பியா என்பது கனடாவின் மேற்குக் கரையில் உள்ள மாகாணம். அங்கே லிட்டன் என்று ஒரு சின்ன ஊர். ஜூன் 29-ந்தேதி அந்த ஊரில் வெயில் 49.6 டிகிரி செல்சியசுக்கு ஏறியது. கனடாவில் அதுவரை யாரும் கண்டிராத வெயில் அது.

மறுநாள் தீப்பிடித்தது. ஊரின் பெரும் பகுதி சாம்பலாகிவிட்டது.

அந்த வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் 619 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வாழ்ந்தவர்கள் பலர்.

2023-ம் ஆண்டில் கனடாவின் காடுகள் எரிந்தன. சுமார் 1½ கோடி ஹெக்டேர் காடு தீக்கு இரையாயிற்று. அந்தப் புகை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போயிற்று. நியூயார்க் நகரில் பட்டப்பகலில் வானம் செம்மஞ்சள் நிறமாக மாறியது.

காட்டுத் தீக்கும் வெயிலுக்கும் காரணங்கள் பல உண்டு. ஆனால் பூமியின் சூடு ஏற ஏற, இந்த ஆபத்துகளும் ஏறுகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள்.

ஆக, புகைக்கு விலை இல்லை என்று சொல்ல முடியாது. விலை உண்டு. ஆனால் புகையை விட்டவர் அந்த விலையைக் கொடுப்பதில்லை. எங்கோ ஒரு வீட்டில் தனியாக இருந்த கிழவி கொடுக்கிறாள்.

அந்த விலையை, விட்டவரிடமே வாங்கவேண்டும் என்பதுதான் புகை வரியின் அடிப்படை.

முதலில் துணிந்த மாகாணம்

லிட்டன் இருக்கும் அதே பிரிட்டிஷ் கொலம்பியாதான் இந்த வரியில் முன்னே நின்றது.

2008-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அங்கே வரி தொடங்கியது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு 10 டாலர். பிறகு ஆண்டுக்கு 5 டாலர் வீதம் கூடி, 2012-ல் 30 டாலர் ஆயிற்று.

அப்போது மாகாண முதல்வராக இருந்தவர் கார்டன் காம்ப்பெல். அவர் ஒரு தந்திரம் செய்தார். நல்ல தந்திரம்!

"புகைக்கு வரி போடுகிறேன். அதே அளவுக்கு வருமான வரியைக் குறைக்கிறேன். ஏழைகளுக்குத் தனியாகப் பணம் தருகிறேன். கஜானாவுக்கு இதில் லாபம் இல்லை" என்பது அவருடைய திட்டம்.

அதோடு நிற்கவில்லை. வரி தொடங்குவதற்கு முன்னதாகவே, ஜூன் மாதத்திலேயே, ஆளுக்கு 100 டாலர் கொடுக்கப்பட்டது. கை நீட்டுவதற்கு முன் கை கொடுத்தார்!

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சியினர் "வரியை வெட்டு!" என்று கோஷம் போட்டார்கள். 2009-ல் தேர்தல் வந்தது. காம்ப்பெல் கட்சியே வெற்றி பெற்றது. வரியும் பிழைத்தது.

பலன் உண்டா? வரி இல்லாமல் இருந்தால் எவ்வளவு புகை வந்திருக்குமோ, அதைவிட 5 முதல் 15 சதவிகிதம் வரை குறைந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு கணக்கிட்டார்கள். மலையைப் புரட்டிய வேலை அல்ல. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

நாடு முழுவதும் வந்தது

2018-ல் ஜஸ்டின் டிரூடோ பிரதம மந்திரியாக இருந்தார். புகைக்கு விலை வைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

"மாகாணங்கள் தாங்களாகவே திட்டம் போடலாம். போடாத மாகாணத்தில் மத்திய அரசாங்கம் வரி வாங்கும்" என்றது அந்தச் சட்டம்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி ஒண்டாரியோ, மானிடோபா, சஸ்காச்சுவான், நியூ பிரன்ஸ்விக் ஆகிய 4 மாகாணங்களில் மத்திய வரி தொடங்கியது. 2020 ஜனவரியில் ஆல்பெர்ட்டாவும் சேர்ந்தது. ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரண்டோ நகரம் ஒண்டாரியோவில்தான் இருக்கிறது. ஆகவே பல தமிழ்க் குடும்பங்களும் இந்த வரியைக் கட்டின.

முதலில் டன்னுக்கு 20 டாலர். லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 4½ காசு. ஆண்டுதோறும் ஏறி, 2024-ல் டன்னுக்கு 80 டாலர் ஆயிற்று. அப்போது லிட்டர் பெட்ரோலுக்கு 17.61 காசு. டாலருக்கு 100 காசு என்பது அந்த நாட்டுக் கணக்கு.

50 லிட்டர் பெட்ரோல் போட்டால், வரி மட்டும் 8 டாலர் 80 காசு!

2030-ல் டன்னுக்கு 170 டாலர் வரை ஏற்றுவது என்று திட்டம் இருந்தது.

சில மாகாண அரசாங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. "மத்திய அரசாங்கத்துக்கு இந்த அதிகாரம் இல்லை" என்று வாதாடின. 2021 மார்ச் 25-ந்தேதி கனடா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 6 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 நீதிபதிகள் மறு பக்கம். சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

2019, 2021 ஆகிய இரண்டு பொதுத் தேர்தல்களிலும் டிரூடோவின் கட்சியே மீண்டும் ஆட்சி அமைத்தது. கோர்ட்டில் வெற்றி. தேர்தலில் வெற்றி. பிறகு எங்கே தோற்றது?

திரும்பி வந்த பணம்

இந்த வரியில் 90 சதவிகிதம் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

2024-ல் ஒண்டாரியோவில் 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டாலர். ஆல்பெர்ட்டாவில் 1,800 டாலர். கிராமப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் 20 சதவிகிதம் கூடுதல்.

பணக்காரருக்கும் இதே தொகை. ஏழைக்கும் இதே தொகை.

ஒரு உதாரணம் பாருங்கள்.

ஒண்டாரியோவில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 2 பிள்ளைகள். காருக்கு ஆண்டில் 2,000 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. அதற்கு வரி 352 டாலர். குளிருக்கு வீட்டைச் சூடாக்க 2,000 கன மீட்டர் எரிவாயு ஆகிறது. அதற்கு வரி 305 டாலர். மொத்தம் 657 டாலர்.

அவர்கள் கைக்கு வந்தது 1,120 டாலர். மிச்சம் 463 டாலர்.

அந்த மிச்சம் முழுவதும் லாபம் அல்ல. லாரிக்கும் கடைக்கும் வரி உண்டு. அது அரிசி, காய்கறி விலையில் ஏறியிருக்கும். அதைக் கழித்தாலும், பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிடக் கூடுதலாகவே திரும்பப் பெற்றன என்று கனடா பாராளுமன்றத்தின் நிதிக் கணக்கு அதிகாரி கணக்கிட்டார்.

பெரிய பங்களாவும், 3 பெரிய கார்களும் வைத்திருக்கிறவர் அதிகம் எரிக்கிறார். அதிகம் கட்டுகிறார். திரும்ப வருவதோ எல்லோருக்கும் உள்ள தொகைதான். அவருக்கு நஷ்டம்.

சிறிய வீட்டில் இருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் குறைவாக எரிக்கிறார். அவருக்கு லாபம்.

எரிப்பதைக் குறைத்தால் மிச்சம் கூடும். அதனால் எல்லோரும் குறைக்கப் பார்ப்பார்கள். இதுதான் யோசனை. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடம் இல்லாத யோசனை!

எடுத்தது தெரிந்தது, கொடுத்தது தெரியவில்லை

ஆனால் மக்கள் காகிதத்தில் வாழவில்லை. கடை வீதியில் வாழ்கிறார்கள்.

பெட்ரோல் பங்க்கில் வாரா வாரம் பணம் கொடுக்கிறோம். அது கண்ணுக்குத் தெரிகிறது. எரிவாயு பில்லில் "கார்பன் வரி" என்று தனி வரியில் அச்சடித்திருக்கிறது. அதுவும் தெரிகிறது.

திரும்பி வந்த பணம்?

முதல் 3 ஆண்டுகள் அது வருமான வரிக் கணக்கோடு சேர்ந்து வந்தது. பத்தோடு பதினொன்று. எது எந்தப் பணம் என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

2022 ஜூலை முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் நேராகப் போட்டார்கள். ஆனால் அது என்ன பணம் என்று பல வங்கிகளின் கணக்கில் தெளிவாகக் குறிக்கப்படவில்லை. பலருக்குப் பணம் வந்ததே தெரியாது. வந்தது தெரிந்தவர்களிலும் பலருக்கு, அது எதற்காக வந்தது என்று தெரியாது.

2024-ல் அரசாங்கம் விழித்துக்கொண்டது. "கனடா கார்பன் திருப்பித் தொகை" என்று பெயரை மாற்றியது. வங்கிகள் அந்தப் பெயரிலேயே குறிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. ஆனால் வரி தொடங்கி 5 ஆண்டு ஓடிவிட்டது!

சிறு வியாபாரிகளின் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு என்று ஒதுக்கிய பங்கு 5 ஆண்டாகக் கஜானாவில் கிடந்தது. 250 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. 2024 கடைசியில்தான் அது அவர்கள் கைக்குப் போயிற்று. அதுவரை அவர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது.

ஒண்டாரியோ மாகாண அரசாங்கம் இந்த வரிக்கு எதிரி. 2019-ல் அது ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும், வரியினால் விலை எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு சீட்டு ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் அபராதம்!

திரும்பி வரும் பணத்தைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

2020 செப்டம்பரில் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்று தள்ளியது. பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் என்றது. ஆனால் சீட்டு சொன்ன செய்தி மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. அதைக் கிழிக்க எந்தக் கோர்ட்டினாலும் முடியவில்லை.

குறை சொன்னவர்களிடம் நியாயம் இல்லையா?

இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

கனடாவின் நடுப் பகுதியில் குளிர்காலத்தில் பனி கொட்டும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். அங்கே வீட்டைச் சூடாக்குவது ஆடம்பரம் அல்ல. உயிர் பிழைக்கும் வழி.

கிராமத்தில் பஸ் இல்லை. கடைக்குப் போக 30 மைல். கார் இல்லாமல் எப்படி?

விவசாயிகள் அறுவடையான தானியத்தை எரிவாயுவில் உலர்த்துகிறார்கள். டிராக்டர் டீசலுக்கு வரி விலக்கு உண்டு. உலர்த்தும் எரிவாயுவுக்கு விலக்கு இல்லை. "ஈர தானியத்தை என்ன செய்வது?" என்று அவர்கள் கேட்டார்கள்.

"மாற்று வழியைக் காட்டிவிட்டு வரி போடு. வழி இல்லாத இடத்தில் வரி போட்டால் அது தண்டனை" என்பது அவர்கள் வாதம். கேட்கவேண்டிய வாதம்தான்.

2022-ல் உலகம் எங்கும் விலைவாசி ஏறியது. கனடாவிலும் ஏறியது. வீட்டு வாடகை, மளிகை, பெட்ரோல் எல்லாம் ஏறின. விலைவாசி ஏற்றத்தில் இந்த வரியின் பங்கு ஆண்டுக்கு 0.15 சதவிகிதப் புள்ளிதான் என்று கனடாவின் மத்திய வங்கி சொன்னது. மிகச் சிறிய பங்கு.

ஆனால் மளிகைக் கடையில் நிற்கிற அம்மாவுக்கு 0.15 தெரியாது. பை நிறையவில்லை, பர்ஸ் காலியாகிவிட்டது. அது மட்டும் தெரியும். யார்மீது கோபப்படுவது? பெயர் எழுதி ஒட்டியிருந்த ஒரே விலை ஏற்றம் இந்த வரிதான்!

எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியேவ் "வரியை வெட்டு!" என்ற பழைய கோஷத்தைக் கையில் எடுத்தார். நாடு முழுவதும் அது எதிரொலித்தது.

ஒரு கண்ணில் வெண்ணெய்

2023 அக்டோபர் 26-ந்தேதி டிரூடோ ஒரு அறிவிப்பு வெளியிட்டார்.

வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு 3 ஆண்டு வரி இல்லை!

அந்த எண்ணெயை அதிகமாக எரிப்பவர்கள் கிழக்குக் கடலோர மாகாணங்களில் இருந்தார்கள். அது டிரூடோ கட்சிக்குப் பல இடங்கள் கொடுத்த பகுதி. நடுப் பகுதியில் உள்ளவர்கள் எரிப்பது எரிவாயு. அதற்கு விலக்கு இல்லை. எண்ணெயைவிட எரிவாயுவில் வரும் புகை குறைவு. அப்படி இருந்தும் விலக்கு இல்லை!

எண்ணெய் எரித்தவர்கள் ஏழைகள், அவர்கள் செலவு மற்றவர்களைவிட அதிகம் என்று அரசாங்கம் காரணம் சொன்னது. யாரும் காதில் வாங்கவில்லை.

"ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா?" என்று நடுப் பகுதி மக்கள் கொதித்தார்கள். சஸ்காச்சுவான் அரசாங்கம், வீட்டு எரிவாயுவுக்கு வரி வசூலிப்பதை 2024 ஜனவரி முதல் நிறுத்திவிட்டது.

எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்த வரியின் உயிர். அந்த உயிரில் அரசாங்கமே கை வைத்தது. அன்றைக்கே வரி பாதி செத்துவிட்டது.

ஒரு கையெழுத்தில் முடிந்தது

2025 மார்ச் 14-ந்தேதி மார்க் கார்னி பிரதம மந்திரியாகப் பதவி ஏற்றார். அவரும் டிரூடோவின் கட்சிக்காரர்தான். பூமி சூடாவதைத் தடுக்கவேண்டும் என்று உலக மேடைகளில் பேசியவர்.

பதவி ஏற்ற அன்றே அவர் போட்ட கையெழுத்து, மக்கள் மீதான கார்பன் வரியை எடுத்துவிடும் கையெழுத்து!

ஏப்ரல் 1-ந்தேதி வரி போயிற்று. அதே நாளில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் தன்னுடைய 17 வயது வரியை எடுத்துவிட்டது. ஏப்ரல் 22-ந்தேதி முதல் கடைசித் திருப்பித் தொகை மக்களுக்குப் போயிற்று. ஏப்ரல் 28-ந்தேதி நடந்த பொதுத் தேர்தலில் கார்னியின் கட்சி வெற்றி பெற்றது.

பெரிய தொழிற்சாலைகள் மீதான புகைக் கட்டணம் மட்டும் எடுக்கப்படவில்லை.

பெட்ரோல் விலை குறைந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை வந்த பணமும் நின்றது. எரிப்பது குறைவாக இருந்த ஏழைக் குடும்பத்துக்கு வரி போனதில் லாபமா, நஷ்டமா? கணக்குப் போட்டால் பலருக்கு நஷ்டம்தான். ஆனால் வரியை நடத்தியவர்களே அந்தக் கணக்கை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சொல்லவில்லை.

மற்ற நாடுகள்

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை 1-ந்தேதி டன்னுக்கு 23 டாலர் என்று தொடங்கினார்கள். ஆட்சி மாறியது. 2014 ஜூலையில் வரி ரத்து.

பிரான்சில் பெட்ரோல், டீசல் மீது கார்பன் வரி ஏற இருந்தது. 2018 நவம்பர் 17-ந்தேதி கிராமத்து மக்கள் மஞ்சள் சட்டை அணிந்து சாலையை மறித்தார்கள். பாரிஸ் நகரில் கலவரம் மூண்டது. வரி ஏற்றம் கைவிடப்பட்டது.

சுவீடனிலோ 1991 முதல் வரி நிற்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த கார்பன் வரிகளில் அதுவும் ஒன்று. அங்கே ஏன் கலவரம் இல்லை? வரி வந்த அதே சமயம் வருமான வரி குறைந்தது. புகை வரி மெல்ல மெல்ல ஏறியது. கட்டடங்களுக்குச் சூடு தர மாற்று வழியும் இருந்தது.

வரி ஒன்றுதான். நடத்திய விதம் வேறு.

இந்தியாவில்

இந்தியாவிலும் இப்படி ஒரு வரி இருந்தது. பலருக்குத் தெரியாது.

2010-ல் மத்திய அரசாங்கம் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை போட்டது. 2016-ல் அது 400 ரூபாய் ஆயிற்று. சூரிய ஒளி, காற்றாலை போன்ற சுத்தமான மின்சாரத்தை வளர்ப்பதற்கு நிதி என்று சொல்லித் தொடங்கினார்கள்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 400 ரூபாய் தொடர்ந்தது. ஆனால் அந்தப் பணம், மாநிலங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் கணக்குக்குப் போயிற்று. மாநிலங்களுக்குப் பணம் தேவைதான். ஆனால் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று ஆகிவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதம் ஆயிற்று.

இனியும் இந்தப் பேச்சு ஓயாது. 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய நாடுகள், வெளியே இருந்து வரும் இரும்பு, அலுமினியம், சிமெண்டு போன்ற சரக்குகளுக்குப் புகைக் கட்டணம் வாங்கும் முறையைத் தொடங்கியிருக்கின்றன. இந்திய இரும்பும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே கட்டுவதா, இங்கேயே கட்டுவதா என்ற கேள்வி வந்துவிட்டது.

பாடம் என்ன?

புகைக்கு விலை வைப்பது தவறு அல்ல. கொட்டியவர் கூலி கொடுப்பது ஊர் நியாயம்.

ஆனால் வரி வாங்குகிற அரசாங்கம் 3 காரியங்களைச் செய்யவேண்டும்.

முதலாவது, எதற்காக வாங்குகிறோம் என்று சொன்னதோ, அதற்கே செலவு செய்யவேண்டும்.

இரண்டாவது, வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. வழி இல்லாதவருக்கு வழி காட்டவேண்டும். பஸ் இல்லாத ஊருக்கு முதலில் பஸ் விடவேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். வாங்குவது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறதோ, கொடுப்பதும் அப்படியே தெரியவேண்டும். கூலி வேலை செய்கிறவர் சம்பளத்தை எண்ணிப் பார்த்து வாங்குகிறார். மக்களும் எண்ணிப் பார்த்து வாங்கும்படி கொடுக்கவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா முதலில் 100 டாலரைக் கையில் கொடுத்துவிட்டு வரி கேட்டது. அந்த வரி 17 ஆண்டு நின்றது. கனடா அரசாங்கம் வரியை முன்னால் வைத்தது. பணத்தைப் பின்னால் ஒளித்தது. அது 6 ஆண்டில் போயிற்று.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. "வரியை வெட்டு!" என்று ஒருவர் சொன்னால், "சரி, புகையை எப்படி வெட்டுவது?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். வேறு நல்ல வழி இருந்தால் வரட்டும். தொழிற்சாலைக்குக் கட்டுப்பாடா? மலிவான சூரிய மின்சாரமா? அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழியே சொல்லாமல் வரியை மட்டும் எடுப்பது, காய்ச்சல்காரனிடம் இருந்து கசப்பு மருந்தைப் பிடுங்குவது போன்றது. வாய் இனிக்கும். காய்ச்சல் போகாது.

வரி போயிற்று. புகை போகவில்லை. அதற்கு விலை இன்றும் உண்டு.

பெட்ரோல் பங்க்கில் வாங்காவிட்டால், அந்த விலையை லிட்டன் போன்ற ஊர்கள் கொடுக்கும்.